சாக்பீஸுக்குள் ஒரு மில்லி தண்ணீர்

ஆறாம் வகுப்பில் ‘நீர்’ பாடம் தொடங்கும் நாளன்று கரும்பலகையில் முதலில் தோன்றுவது ஒரு கடல். இடது ஓரத்தில் அலைபோல மூன்று கோடுகள், மேலே ஒரு சூரியன், கடலிலிருந்து மேகத்துக்கு ஓர் அம்புக்குறி, மேகத்திலிருந்து மலைமேல் மழை, மலையிலிருந்து இறங்கி மறுபடி கடலில் போய்ச் சேரும் ஓர் ஆறு. எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலில் ‘நீரியல் சுழற்சி’ என்ற பெயரில் இதே படம் இன்னும் சில அம்புக்குறிகளோடு திரும்ப வரும். படத்தில் பிழையில்லை. ஆனால் ஆலத்தூரிலோ செந்துறையிலோ பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அதில் தன் ஊர் எங்கே என்று தெரியாது. கடல் எங்கோ பல மணி நேரப் பயணத்துக்கு அப்பால் இருக்கிறது. ஊரை ஒட்டிய ஓடை மழை பெய்த கையோடு ஓடி, சில நாளில் வெறும் மணலாகிவிடும். அவர்கள் அறிந்த நீரெல்லாம் மேல்நிலைத் தொட்டி, தெருக்குழாய், போர், வயலோரக் கிணறு, மார்கழியில் நிறைந்து சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் ஏரி. இவற்றில் ஒன்றுகூடப் படத்தில் இல்லை.

அந்தப் படம் இன்னொன்றையும் சொல்லாமல் விடுகிறது. எல்லா அம்புக்குறிகளும் ஒரே வேகத்தில் ஓடுவதுபோலத் தெரிகின்றன. உண்மையில், ஆவியாகி மேலே போன நீர் சராசரியாக ஒன்பது நாளில் மழையாகிக் கீழே வந்துவிடும். ஆற்றில் விழுந்தது இரண்டு மூன்று வாரத்தில் கடல் சேரும். கடலுக்குள் போனது மறுபடி மேலெழ சராசரியாக மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நீர் ஓரிடத்தில் எவ்வளவு காலம் தங்குகிறது என்பதைப் பொறுத்தே நம் குடிநீரும் வெள்ளாமையும் அமைகின்றன. அந்தத் தங்கும் காலத்தைக் கையால் தொட்டுச் சொல்லித்தர, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களைப் போல வாய்ப்பான நிலம் தமிழ்நாட்டில் வேறில்லை என்பது என் எண்ணம். அந்த நிலத்தைக் கொண்டு நீரைச் சொல்லித்தருவது எப்படி என்பதே இந்த அத்தியாயம்.

முதலில் ஒரு குடம் வேண்டும். வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் குடமே போதும்; பெரும்பாலும் 15 லிட்டர் பிடிக்கும். நிரப்பி, வகுப்பின் நடுவில் வைத்து, உலகத்து நீர் மொத்தமும் இதுதான் என்று சொல்லிவிட வேண்டும். உண்மை அளவு ஏறத்தாழ 138.6 கோடி கன கிலோமீட்டர். அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதலாம். ஆனால் பிள்ளைகளின் கண் குடத்தில்தான் இருக்கும். இதில் உப்பில்லாத நீர் எவ்வளவு என்று கேட்டு, ஒவ்வொருவரும் குடத்தின்மேல் விரலால் ஒரு கோடு காட்டட்டும். பாதி, கால் பங்கு என்று காட்டுவார்கள். பிறகு அளந்து எடுக்க வேண்டும்.

நன்னீர் 380 மில்லி. இரண்டு டம்ளருக்கும் குறைவு. அதிலேயே 260 மில்லி அண்டார்க்டிகாவிலும் கிரீன்லாந்திலும் இமயம்போன்ற மலைமுகடுகளிலும் பனிக்கட்டியாக இருக்கிறது. மண்ணுக்கும் பாறைக்கும் அடியில் நிலத்தடி நீராக இருக்கும் நன்னீர் 114 மில்லி. ஒரு டபரா காப்பி அளவு. இதுவரை அளக்க டம்ளர் போதும். இனிமேல் ஊசி கழற்றிய சிரிஞ்சு வேண்டும். உலகத்தின் நன்னீர் ஏரிகள் எல்லாம் சேர்ந்து ஒரு மில்லி. காற்றில் ஆவியாகவும் மேகமாகவும் மிதப்பது மூன்று துளி. ஆறுகள்? கங்கை, அமேசான், நைல், காவிரி, கொள்ளிடம் எல்லாமாக ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நீர் அரைத் துளி.

அரைத் துளியை எப்படி எடுப்பது என்று கட்டாயம் ஒரு பிள்ளை கேட்கும். சிலேட்டில் ஒரு துளி விட்டு, விரல்நுனியால் இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். தலைக்குமேல் பறக்கும் நீர் எல்லா ஆறுகளின் நீரையும்விட ஆறு மடங்கு என்பது அந்த நேரத்தில்தான் உறைக்கும். அரைத் துளியாக இருந்தும் ஆறுகள் வற்றிவிடாததற்குக் காரணம், அந்த அரைத் துளி இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை முழுக்கப் புதிதாவது. அளவையும் தங்கும் காலத்தையும் சேர்த்துப் பார்க்காமல் நீரைப் புரிந்துகொள்ள முடியாது என்பதற்கு இதைவிட எளிய சான்று இல்லை.

எட்டாம் வகுப்பாக இருந்தால் இதையே தொலைவாகவும் சொல்லலாம். உலக நீர் முழுவதையும் ஒரே உருண்டையாகத் திரட்டினால் அதன் குறுக்களவு ஏறத்தாழ 1,385 கிலோமீட்டர். பெரம்பலூரில் ஒரு விளிம்பு என்றால் மறு விளிம்பு போபாலைத் தாண்டி நிற்கும். பனிக்கட்டியை விட்டுவிட்டு, திரவமாக உள்ள நன்னீரை மட்டும் திரட்டினால் 273 கிலோமீட்டர். பெரம்பலூரிலிருந்து சென்னைக்குச் சாலைவழித் தொலைவு அவ்வளவுதான். ஏரி, ஆறுகளை மட்டும் திரட்டினால் 56 கிலோமீட்டர். அது பெரம்பலூரிலிருந்து திருச்சி. இந்த மூன்று பயணங்களில் கடைசி இரண்டையும் பிள்ளைகளில் பலர் பேருந்தில் போயிருப்பார்கள்.

இப்படிக் கையால் செய்து பார்ப்பதற்கு இப்போது அரசுப் பள்ளிகளில் இடம் இருக்கிறது. 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட வானவில் மன்றம், 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு அறிவியல், கணிதச் செயல்பாடுகளைப் பள்ளிக்கே கொண்டுவரும் திட்டம். குடமும் சிரிஞ்சும் அந்தத் திட்டத்தின் பொருள்களில் இல்லாவிட்டாலும் ஊரில் கிடைக்கும்.

குடத்தில் இருக்கும் கடலுக்கு வருவோம்.

பெரம்பலூர் பேருந்து நிலையத்தில் அரியலூர் வண்டி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால், ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பழங்கடலுக்குள் இறங்கிவிடலாம். மேற்கே பச்சைமலையும், பெரம்பலூரைச் சுற்றிக் கருங்கல் உடைக்கும் குவாரிகளும் இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பாறைகளில் உள்ளவை. கிழக்கே போகப் போகக் கருங்கல் மறைந்து களிமண்ணும் மணற்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் வருகின்றன. அவை கடலடியில் படிந்தவை. ஆலத்தூர் வட்டத்துக் காரையில் மழை அரித்த மேடுகளில் நின்று பார்த்தால், புல்கூட முளைக்காத களிமண் ஓடைகளில் சங்குபோலச் சுருண்ட, அம்மோனைட் என்ற பழங்கடல் உயிரிகளின் துண்டுகள் கிடக்கின்றன. பூஜையறைச் சாளக்கிராமம் பார்த்த பிள்ளைகளுக்கு இதை உடனே புரியவைக்கலாம். கண்டகி ஆற்றிலிருந்து வரும் சாளக்கிராமமும் அம்மோனைட்தான். அது இன்னும் பழைய கடலைச் சேர்ந்தது. காரைக் கடலின் வயது ஏறத்தாழ 10 கோடி ஆண்டு.

இந்தக் கடல் உலகத்துக்குத் தெரியவந்து நூற்றெண்பது ஆண்டு ஆகிறது. சென்னை மாகாண அதிகாரி கேயும் அவருடைய நண்பர் கன்லிஃபும் 1840களில் திரட்டி அனுப்பிய சிப்பிகளை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் லண்டனில் ஆராய்ந்து 1846இல் எழுதினார். 1862இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் பிளான்ஃபோர்ட் இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று அடுக்குகளாகப் பிரித்தார். அடுக்குகள் கிழக்கு நோக்கி மெல்லச் சாய்ந்திருப்பதால், மேற்கிலிருந்து கிழக்கே நடப்பவர் பழைய காலத்திலிருந்து புதிய காலத்துக்கு நடக்கிறார். காரையில் கரைக்கு அப்பாலான கடல். கல்லங்குறிச்சியில் சிப்பிகள் படுகை படுகையாகக் கிடந்த ஆழமற்ற கடல். கல்லமேட்டில் டைனோசர் எலும்புகள் கிடைத்த நிலம், அதாவது கடல் பின்வாங்கிய காலம். சில மணி நேரப் பயணத்துக்குள் ஒரு கடல் வந்து, நின்று, போன கதையைப் பார்த்துவிடலாம்.

சாத்தனூர்க் கல்மரம் இந்தக் கதையில் தனியாக நிற்கிறது. 1940இல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த அந்த அடிமரம் 18 மீட்டர் நீளம். கடலில் அடித்துவரப்பட்டு, மண்ணில் புதைந்த மரம் அது. மட்கிப் போயிருக்க வேண்டியது கல்லானது எப்படி? மண்ணுக்குள் ஊர்ந்த நீரில் சிலிக்கா கரைந்திருந்தது. மரத்தின் நார் மெல்ல மெல்ல அழிய, அந்த இடத்தில் சிலிக்கா படிந்தது. பட்டையின் வரி, கணுவின் குழி எல்லாம் அப்படியே இருக்க, பொருள் மட்டும் மாறிவிட்டது. கல்மரத்தைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் அதைப் பழைய மரம் என்றே எழுதுகிறார்கள். அதைக் கல்லாக்கியது நிலத்தடி நீர் என்பதையும் அங்கே நிற்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

2020இல் குன்னம் பகுதியில் நீர்நிலையைத் தூர்வாரும்போது உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளிவந்தன. டைனோசர் முட்டை என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் பேச்சு. புவியியலாளர்கள் வந்து பார்த்து, அவை அம்மோனைட் காலத்துக் கடலடி மண்ணில் உருவான உருண்டைக் கற்கள் என்றார்கள். ஏதாவது ஒரு துணுக்கைச் சுற்றி, நீரில் கரைந்த கனிமங்கள் சிறுகச் சிறுகப் படிந்து இறுகினால் இப்படி உருண்டையாகும். முட்டையாக இல்லாமல் போனதில் ஊருக்கு ஏமாற்றம்தான். ஆனால் வகுப்பறைக்கு முட்டையைவிட அந்த உருண்டைதான் பயன்படும்.

“அப்ப அந்தக் கடலு எங்க சார் போச்சு?” இது தவறாமல் வரும் கேள்வி. ‘வற்றிவிட்டது’ என்று சொல்லிவிடக் கூடாது. குடத்தைக் காட்டுங்கள். உலக நீரின் மொத்தம் அன்றும் இன்றும் ஏறத்தாழ ஒன்றே. இருக்கும் இடம்தான் மாறியது. அந்தக் காலத்தில் பூமி இன்றைவிட மிக வெப்பமானது. துருவங்களில் பெரிய பனிப்பாளம் கிடையாது. ஆகவே அந்த 260 மில்லியும் கடலில்தான் இருந்தது. கோண்டுவானா கண்டம் உடைந்து விலகியபோது கடலடியில் எழுந்த புது மலைத்தொடர்கள் நீரை மேலே தள்ளின. கடல் உயர்ந்து, கீழிறங்கிக்கொண்டிருந்த இந்த நிலத்துக்குள் ஏறியது. பிறகு வண்டல் நிறைந்தது, நிலம் உயர்ந்தது, கடல் இறங்கியது. இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகத்தின் உச்சத்தில் இன்னும் அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான நீர் கூடுதலாகப் பனிக்கட்டியாகிப்போனது. கடல் மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்தது. இராமேசுவரத்திலிருந்து இலங்கைக்கு நடந்தே போகும்படி தரை இருந்தது. குடத்தில் அரை லிட்டர் இடம் மாறினால் இவ்வளவு நடக்கும்.

காரைக் களிமண்ணில் வெயில் பட்டுக் கண்ணாடிபோல மின்னும் வெள்ளை இழைகள் உண்டு. அது ஜிப்சம். இந்தக் களிமண்ணில் பிற்காலத்தில் நிலத்தடி நீர் வெடிப்புகளுக்குள் விட்டுச்சென்ற படிவு. கையில் எடுத்தால் உலர்ந்த கல். ஆனால் அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் நீர். ஈரமாக ஒட்டிக்கொண்டிருக்கும் நீர் அல்ல; ஒவ்வொரு கால்சியம் சல்பேட்டுக்கும் இரண்டு நீர் மூலக்கூறுகள் என்று கணக்காகப் படிகத்துக்குள் கட்டப்பட்ட நீர். 

இதைக் காட்ட காரைவரை போக வேண்டியதில்லை. நம் பள்ளிகளில் பரவலாக எழுதும் சாக்பீஸ், ஜிப்சத்தால் ஆனது. ஜிப்சத்தை வறுத்து நீரை விரட்டினால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். அதில் மறுபடி நீர் ஊற்றி அச்சில் வார்த்தால், நீரை உள்ளே இழுத்துக்கொண்டு இறுகிச் சாக்பீஸாகிவிடும். சில வகைச் சாக்பீஸ் சுண்ணாம்பால் செய்யப்படுகிறது. ஒரு சொட்டு வினிகர் விட்டால் தெரிந்துவிடும். பொங்கி நுரைத்தால் சுண்ணாம்பு, சும்மா இருந்தால் ஜிப்சம். நுரைக்காத சாக்பீஸை நன்றாக வெயிலில் உலர்த்திப் பொடித்து, சோதனைக்குழாயில் போட்டு, ஸ்பிரிட் விளக்கில் ஆசிரியர் சூடாக்கட்டும். குழாயின் வாய்ப்பக்கம் குளிர்ந்த கண்ணாடியில் முத்து முத்தாக நீர் கோத்து நிற்கும். ஐந்து கிராம் சாக்பீஸில் ஒரு கிராம் நீர், அதாவது ஒரு மில்லி. நம் குடக் கணக்கில் உலகத்து நன்னீர் ஏரிகள் எல்லாவற்றுக்கும் கிடைத்த பங்கு அதுதான். நீர்ச் சுழற்சியைப் படமாகப் போட்ட கையில் இருந்தது ஒரு மில்லி நீர். படத்தில் அதற்கு அம்புக்குறி இல்லை.

கல்லுக்குள் நீர் என்பது பெரம்பலூரோடு நிற்கும் செய்தியும் அல்ல. பிரேசிலில் கிடைத்த ஒரு சிறு வைரத்துக்குள் ரிங்வுடைட் என்ற கனிமத் துணுக்கு இருந்ததையும், அதன் எடையில் நூற்றுக்கு ஒன்றுக்கும் மேல் நீர் பொதிந்திருந்ததையும் 2014இல் கண்டறிந்தார்கள். அந்தக் கனிமம் உருவாவது நிலத்துக்கடியில் 500 கிலோமீட்டருக்கும் கீழே. நம் 15 லிட்டர் குடக்கணக்கில் அந்த ஆழத்து நீர் சேரவில்லை.

அரியலூர்ப் பிள்ளைகளுக்கு இன்னும் கிட்டத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. அந்தக் கடலின் சிப்பிகளும் சுண்ணாம்பும்தான் இன்று வரிசையாக நிற்கும் சிமென்ட் ஆலைகளின் மூலப்பொருள். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் 1,450 டிகிரியில் சுட்டு, சிறிதளவு ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமென்ட். அது காய்வதால் இறுகுகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். கொத்தனாரைக் கேளுங்கள், காய விட்டால் சுவர் போச்சு என்பார். அதனால்தான் சாக்கைச் சுற்றி, வாரக்கணக்கில் தண்ணீர் விட்டு நனைக்கிறார்கள். சிமென்ட் நீரைத் தனக்குள் கட்டிக்கொண்டு இறுகுகிறது. ஒரு 50 கிலோ மூட்டை முழுதும் இறுகும்போது ஏறத்தாழ 11 லிட்டர் நீரை நிரந்தரமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்த வட்டாரத்தில் அப்பாவோ மாமாவோ ஆலையிலோ கட்டட வேலையிலோ இல்லாத வகுப்பு அரிது. அவர்களிடம் கேட்டு வரும்படி வீட்டுப்பாடம் கொடுக்கலாம்.

அந்தச் சிப்பிகள் சமையலறைக்கும் வருகின்றன. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரிமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிச் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்குகிறது. போகிற வழியில் சுண்ணாம்பைக் கரைக்கிறது. போர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாக நிற்பதும், பருப்பு வேக மறுப்பதும், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டுவதும் அதனால்தான். சூடாகும்போது வாயு வெளியேறிவிட, கரைந்த சுண்ணாம்பு மறுபடி கல்லாகிவிடுகிறது. அந்தப் பொருக்கைக் கொஞ்சம் சுரண்டி வரச் சொல்லி, வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைக்கும். பக்கத்திலேயே ஒரு சுண்ணாம்புக்கல் துண்டை வைத்து அதன்மேலும் விடுங்கள், அதுவும் நுரைக்கும். இரண்டும் ஒரே பொருள். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு நீர் இல்லாவிட்டால் 600 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரையறை. “எங்க ஊரு தண்ணி உப்பு” என்று பிள்ளைகள் சொல்வது பல நேரங்களில் இந்தக் கடினத்தன்மையைத்தான். கடல் உப்பு வேறு, இது வேறு என்று பிரித்துச் சொல்லித்தர வேண்டியது நம் கடமை.

இனி கிணறு. இந்த அத்தியாயத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு கிணறு, கொள்ளிடக் கரையோரம் திருமானூர்ப் பக்கம் ஒரு கிணறு. இரண்டு ஊரிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை என்று கொள்வோம். அதில் பத்தில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கினால் 90 மில்லிமீட்டர். நாலு விரல்கடைக்குக் கொஞ்சம் மேல். மேற்கே கிணறு இறங்கியிருப்பது கருங்கல்லில். நீர் நிற்பது மேலே சிதைந்த பாறையின் இடுக்குகளிலும் கீழே உள்ள வெடிப்புகளிலும் மட்டுமே. நூறு பங்கு பாறையில் கிணற்றுக்கு நீர் தரக்கூடிய இடம் இரண்டு பங்கு இருந்தால் அதிகம். அங்கே 90 மில்லிமீட்டர் நீர் இறங்கினால் நீர்மட்டம் நாலரை மீட்டர் ஏறும். கொள்ளிடக் கரை மணலில் அந்த இடம் நூற்றுக்குப் பதினைந்து பங்கு. அதே 90 மில்லிமீட்டர் இறங்கினால் மட்டம் அறுபது சென்டிமீட்டர் ஏறும்.

மேற்கத்திக் கிணறு ஐப்பசி மழையில் கிடுகிடுவென ஏறும்போது, ஊரே நிறைந்துவிட்டதுபோல ஒரு மகிழ்ச்சி வரும். அந்த நாலரை மீட்டரிலும் இருப்பது நாலு விரல்கடை நீர்தான். மோட்டார் போட்டால் ஏறிய வேகத்திலேயே இறங்கும். கிணறு ஏறியதை வைத்து இரண்டு போகம் சின்ன வெங்காயமோ பருத்தியோ வைத்துவிட்டு மாசியில் வானத்தைப் பார்த்த அனுபவம் பெரம்பலூர் விவசாயிகளுக்குப் புதிதல்ல. வகுப்பில் இதைக் காட்ட இரண்டு கண்ணாடிக் குடுவைகள் போதும். ஒன்றில் மணல் நிரப்புங்கள். இன்னொன்றில், குடுவையை ஏறக்குறைய அடைத்துக்கொள்ளும் ஒரே கருங்கல்; சுற்றி நூலிழை இடைவெளி. இரண்டிலும் அரை டம்ளர் நீர் ஊற்றினால், கல் குடுவையில் மட்டம் கழுத்துவரை போகும், மணல் குடுவையில் அடியிலேயே நிற்கும். ஊற்றியது ஒரே அளவு என்பதைப் பிள்ளைகளே பார்த்திருப்பார்கள்.

ஜெயங்கொண்டம் பக்கம் கதை வேறு. அங்கே பழுப்பு நிலக்கரியும், நெய்வேலியில் உள்ளதுபோன்ற மணற்கல் அடுக்குகளும் உண்டு. நெய்வேலியில் நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் தோண்ட முடியும். அப்படிப்பட்ட ஆழத்து நீரின் வயது ஆயிரக்கணக்கான ஆண்டுகள். கருங்கல் கிணற்று நீர் போன ஐப்பசியில் பெய்தது. ஆழத்து மணற்கல் நீர் நம் முன்னோர் யார் பெயரும் தெரியாத காலத்து மழை. இரண்டும் ஒரே குழாயில் ஒரேபோலத்தான் கொட்டும். ஒன்று ஓர் ஆண்டில் திரும்ப வரும், மற்றது நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் வராது. போர் போடும் ஊரில் வளரும் பிள்ளைக்கு இந்த வேறுபாடு தெரியாமல் பள்ளியை விட்டுப் போகக் கூடாது.

ஏரியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தப் பகுதியில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆண்டுக்கு ஒன்றரை மீட்டருக்கும் மேல் ஆவியாகப் போகிறது. பெய்யும் மழையோ ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆழமற்ற ஏரி நீரை நெடுங்காலம் காத்து வைக்காது. அது செய்யும் பெரிய உதவி, ஓடிப் போகிற மழையைச் சில மாதம் நிறுத்தி, கரைக்குக் கீழே உள்ள கிணறுகளுக்கு ஊறவைப்பது. 2024 ஜனவரியில் ராம்சார் ஈரநிலத் தலமாக அறிவிக்கப்பட்ட கரைவெட்டி ஏரி, 450 ஹெக்டேருக்கும் மேல் பரந்தது. குடகு மலையில் பெய்த மழை மேட்டூரில் தங்கி, காவிரியில் இறங்கி, புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக அங்கே வருகிறது. அந்த நீரை நம்பி இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்துகள் வருகின்றன. சுழற்சிப் படத்தை அந்தக் கரையில் நின்று வரைந்தால் எல்லா அம்புக்குறிக்கும் ஊர்ப் பெயர் எழுதலாம்.

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்துப் பள்ளிகளுக்கு ஒரு கணக்கு. ராஜேந்திர சோழன் கங்கை நீரைக் கொண்டுவரச் செய்து, சோழகங்கம் என்று தான் வெட்டிய ஏரியோடு தன் கங்கை வெற்றியை இணைத்தது பதினோராம் நூற்றாண்டில். அந்த ஏரி இன்று பொன்னேரி. வந்தது ஒரே ஒரு குடம், 15 லிட்டர், என்று வைத்துக்கொள்வோம். அது ஆவியாகி, மழையாகி, ஆறாகி, கடலாகி உலக நீர் முழுவதிலும் சீராகக் கலந்திருந்தால், இன்று நீங்கள் குடிக்கும் ஒரு டம்ளர் நீரில் அந்தக் குடத்து ஆக்சிஜன் அணுக்கள் எத்தனை இருக்கும்? எழுபதாயிரத்துக்கும் மேல். பனியிலும் ஆழ்நீரிலும் ஆயிரம் ஆண்டில் கலப்பு முழுமையாகாது என்பதால் இது தோராயம்தான். ஒரு குடத்துக்குள் எத்தனை அணுக்கள் அடங்கியிருக்கின்றன என்பதை இதைவிட அழுத்தமாகச் சொல்லும் கணக்கு எனக்குத் தெரியவில்லை.

காரைக்கோ சாத்தனூருக்கோ பிள்ளைகளை அழைத்துப் போகும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கிடப்பதைப் பொறுக்கி வர விடாதீர்கள். அம்மோனைட் எந்த அடுக்கில் கிடந்தது என்பதில்தான் அதன் செய்தி இருக்கிறது. பைக்குள் போனதும் அது வெறும் கல். படம் வரையட்டும், போட்டோ எடுக்கட்டும்.

திரும்பி வந்ததும், பள்ளிக்குப் பக்கத்தில் கைப்பிடிச் சுவர் உள்ள ஒரு கிணற்றைத் தேர்ந்தெடுங்கள். நூல்கயிற்றில் அரை மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல் கட்டி, நீங்கள் பக்கத்தில் நின்று பிள்ளைகளை அளக்கச் சொல்லுங்கள். அக்டோபர் முதல் வாரம் ஒருமுறை, ஜனவரி முதல் வாரம் ஒருமுறை, கோடை விடுமுறைக்கு முன் ஒருமுறை. தேதியோடு வகுப்புச் சுவரில் எழுதிவைத்தால், ஆறாம் வகுப்பில் தொடங்கியவர்கள் எட்டாம் வகுப்பு முடிக்கும்போது மூன்று மழைக்காலத்தின் கணக்கு அவர்கள் கையில் இருக்கும். வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் கயிறு வாங்கிவிடுங்கள்.